கசந்தது இனித்தது எவ்வாறு?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஏகாதசி உபவாசத்துக்கு மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் தளிகையில் இடம்பெறுவது நம் திருமாளிகைகளில் வழிவழியாக வருகிற முறை. பெரியவர்கள் அகத்திக்கீரையை விருப்பத்தோடு கேட்டு வாங்கி உண்பார்கள். குழந்தைகளோ அதை இலையின் ஓரத்துக்குத் தள்ளுவார்கள். மோர் சாதத்துக்கு அடியில் மறைப்பார்கள். ஒரு வாய் உண்ணவேண்டும் என்று கட்டளை பிறந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார்கள். ஆண்டுகள் பல கழிகின்றன. அன்று முகம் சுளித்த அதே பிள்ளை, கடல் கடந்த ஓர் ஊரில் குடும்பம் நடத்துகையில், துவாதசி நெருங்கும்போது அகத்திக்கீரை எந்தக் கடையில் கிடைக்கும் என்று தேடுகிறது. கிடைத்தால் மகிழ்கிறது. கிடைக்காவிட்டால் பாரணையில் ஏதோ குறைந்ததாக எண்ணுகிறது.

அகத்தியின் கசப்பு அன்றும் இன்றும் ஒன்றே. உண்பவரும் அதே ஆத்மாதான். அப்படியிருக்க, கசந்தது இனித்தது எவ்வாறு? நாவில் ஏற்பட்ட மாறுதலா, மனத்தில் ஏற்பட்ட மாறுதலா? அன்று வெறுத்தது உண்மையான நாமா, இன்று விரும்புவது உண்மையான நாமா? விருப்பும் வெறுப்பும் இப்படி இடம் மாறக்கூடியவை என்றால், 'எனக்குப் பிடிக்கிறது', 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பவற்றைக் கொண்டு ஒரு பொருளின் நன்மை தீமைகளை நிச்சயிப்பது எவ்வளவு தூரம் தகும்?

கீரையைப் பற்றிய சிறிய பேச்சாக இது தோன்றலாம். ஆனால் நம் பூர்வாசாரியர்கள் பகவத் விஷயத்தைப் பேசுமிடத்தில் ஓயாமல் கையாளும் சொற்களுள் ஒன்று 'ருசி' என்பதை நினைக்கவேண்டும். எம்பெருமானை 'போக்யம்' என்றார்கள். அவனை அநுபவிக்கும் ஆசையை 'ருசி' என்றார்கள். திருக்குடந்தையிலே கிடந்தருளுபவனுக்கு ஆராவமுதன் என்றே திருநாமம் வழங்குகிறது. நாவின் அநுபவத்திலிருந்து எடுத்த சொற்களால் ஆத்மாவின் நிலையை உணர்த்துவது அவர்கள் கைக்கொண்ட வழி. ஆகவே நாவுக்கு ருசி பிறக்கும் வகையை ஆராய்வது, நமக்கு பகவத் விஷயத்தில் ருசி பிறக்கும் வகையை ஆராய்வதற்கு ஒரு வாயிலாகும்.

முதலில் நாவின் இயல்பை நோக்குவோம். பிறந்த குழந்தை தித்திப்பை நாடுகிறது. கசப்பு நாவில் பட்டால் முகம் கோணுகிறது. இதை எவரும் அதற்குக் கற்பிப்பதில்லை. மனித நாவில் கசப்பை அறியும் உணர்விகள் சுமார் 25 வகை என்றும், தித்திப்பை அறிவதற்கு ஏறக்குறைய ஒரே வகைதான் என்றும் உடற்கூற்று அறிஞர் கூறுவர். இயற்கையில் நச்சுத் தாவரங்கள் பல கசப்பானவை. ஆகையால் கசப்பைக் கண்டு அஞ்சுவது குழந்தையின் உயிருக்கு ஒரு காவல். 2 வயது முதல் 6 வயது வரை புதிய உணவைக் கண்டாலே ஒதுங்கும் இயல்பு மிகுந்திருப்பதும் அக்காவலின் ஒரு பகுதியே. குழந்தையின் முகச்சுளிப்பு ஒரு குற்றமன்று என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம். அதே அறிஞர்கள் வேறொன்றும் கண்டிருக்கிறார்கள்: வெறுத்த உணவையே சிறிது சிறிதாக, வற்புறுத்தலின்றி, பத்து முறையோ அதற்கு மேலோ குழந்தையின் முன் வைத்தால், பெரும்பாலும் அவ்வெறுப்பு தளர்ந்துவிடுகிறது.

நாவின் பயிற்சி பிறப்புக்கு முன்னரே தொடங்குகிறது என்பதற்கும் சான்று உண்டு. பிலடெல்பியா நகரத்து மோனெல் ஆய்வு நிலையத்தார் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், கருவுற்ற காலத்தின் கடைசி மாதங்களில் காரட் சாறு பருகிவந்த தாய்மாரின் குழந்தைகள், பின்னர் காரட் கலந்த உணவை முகம் சுளிக்காமல் ஏற்றதைக் கண்டார்கள். நமக்கு இது வியப்பளிக்காது. கயாதுவின் திருவயிற்றில் இருக்கும்போதே நாரத பகவான் உபதேசித்ததைக் கேட்டுப் பிறந்தவன் பிரஹ்லாதாழ்வான் என்று ஸ்ரீபாகவதம் வாயிலாக அறிந்திருக்கிறோம். அசுரன் திருமகனுக்கு அசுர குருவின் பள்ளியில் கற்பித்த பாடமெல்லாம் கசந்து, நாராயண நாமம் மட்டும் இனித்ததற்கு அந்த முதல் சுவையே காரணமாயிற்று.

இவ்வளவு கொண்டு, 'பழக்கமே ருசிக்குக் காரணம்' என்று முடித்துவிடலாமோ எனில், ஒண்ணாது. அதே அரண்மனையில் இரணியன் இருந்தான். மகன் சொன்ன திருநாமம் அவன் செவியிலும் விழுந்தது. ஒரு முறையன்று, பல முறை விழுந்தது. கேட்கக் கேட்க அவனுக்கு ருசி வளரவில்லை, சீற்றமே வளர்ந்தது. ஒரே திருநாமம் மகனுக்கு அமுதாகவும் தந்தைக்கு நஞ்சாகவும் இருந்தது. பழகுதல் இருவருக்கும் பொது. ஆகையால் பழக்கத்துக்கு மேலே வேறொன்று வேண்டும். மேலும், பழக்கம் நல்லதற்கு மட்டும் துணை செய்வதில்லை. முதல் முறை வாயிலிட்டபோது தலைசுற்றச் செய்த புகையிலையும் பழகப் பழக விடமுடியாததாகிவிடுகிறது. முதலில் கசந்தது பின்னர் இனித்தது என்ற ஒன்றைக் கொண்டே ஒரு பொருள் நல்லதென்று சொல்லிவிட முடியாது.

இங்கே வலுவான ஓர் ஆட்சேபம் எழுகிறது. இக்காலத்து இளைஞர் பலர் வாய்விட்டுக் கேட்பதும், கேளாதவர் உள்ளத்தில் வைத்திருப்பதும் இதுவே. 'குழந்தையாய் இருந்தபோது எங்களுக்குப் பாசுரம் பிடிக்கவில்லை. கோயிலில் நீண்ட நேரம் நிற்பது பிடிக்கவில்லை. இப்போது சிறிது பிடிக்கிறது என்றால், அது நீங்கள் எங்களைப் பழக்கியதன் விளைவு. வேறொரு வீட்டில் பிறந்திருந்தால் வேறொன்று பிடித்திருக்கும். ஆகவே அன்றைய வெறுப்புத்தான் எங்களுடையது; இன்றைய விருப்பம் பிறர் எங்களுக்குள் இட்டது' என்கிறார்கள். இக்கேள்வியை அதட்டி அடக்குவது நம் ஸம்பிரதாயத்துக்கு அழகன்று. பூர்வபக்ஷத்தை அதன் முழு வலிமையோடு எடுத்து வைத்து, பின்பு ஸித்தாந்தம் சொல்வதே ஸ்ரீபாஷ்யகாரர் காட்டிய நெறி.

ஸமாதானம் இது. எவராலும் பழக்கப்படாத நா என்று ஒன்று இல்லை. வெல்லத்தை நாடிய குழந்தை நாவும் தாய்ப்பாலின் தித்திப்பிலே பழகியது. அதற்கு முன் கருவிலே பழகியது. அதற்கும் முன் அநாதியான கர்ம வாஸனையிலே தோய்ந்து வந்தது. ஆக, அன்றைய வெறுப்பும் ஒன்றால் உண்டாக்கப்பட்டது. இன்றைய விருப்பும் ஒன்றால் உண்டாக்கப்பட்டது. 'உண்டாக்கப்பட்டது' என்பதால் ஒன்றைத் தள்ளினால் மற்றதையும் தள்ளவேண்டும். ஆகையால் கேட்கவேண்டிய கேள்வி, எந்த விருப்பம் உண்டாக்கப்பட்டது என்பதன்று. எந்த விருப்பம் பொருளை உள்ளபடி காட்டுகிறது என்பதே. பித்தம் மிகுந்தவனுக்குப் பால் கசக்கும். மருந்துண்டு பித்தம் தணிந்தபின் அதே பால் இனிக்கும். மருத்துவன் அவன் நாவில் இல்லாத இனிப்பை வலிந்து இட்டான் என்று யாரும் சொல்லார். நடுவே வந்த பித்தம் போயிற்று. பாலின் சுவை பாலின் சுவையாகவே அறியப்பட்டது.

இதை அளந்து பார்க்க ஓர் அளவுகோலும் நமக்கு உண்டு. ஸ்ரீகீதையின் 18-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் மூவகை ஸுகங்களைப் பிரித்துக் காட்டுகிறான். முதலில் நஞ்சு போன்றும் முடிவில் அமுது போன்றும் இருப்பது ஸாத்விக ஸுகம். முதலில் அமுது போன்று தொடங்கி முடிவில் நஞ்சாவது ராஜஸ ஸுகம். தொடக்கத்திலும் முடிவிலும் மயக்குவது தாமஸ ஸுகம். தொடக்கத்து முகச்சுளிப்பும் தொடக்கத்துத் தித்திப்பும் தீர்ப்பாகமாட்டா, முடிவைப் பார்க்கவேண்டும். புகையிலை பழகியவனுக்கு முடிவில் மயக்கமும் நோயும் மிஞ்சுகின்றன. நெல்லிக்காயை மென்றவனுக்கோ முதலில் புளித்தும் துவர்த்தும் இருந்தது, அதன்மேல் பருகிய வெறும் நீரையும் தித்திக்கச் செய்கிறது. பழகிய ருசி மற்றைய நல்லவற்றையும் இனிக்கச் செய்கிறதா, அல்லது தன்னைத் தவிர வேறெதையும் சுவைக்க விடாமல் செய்கிறதா என்று பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வாசி விளங்கும்.

உணவுக்கும் பகவத் விஷயத்துக்கும் உள்ள வேற்றுமையையும் மறக்கலாகாது. ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் அகத்திக்கீரை பிடிக்காமலே போகலாம். அதனால் ஆத்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. கீரையில் விருப்பம் வருவது நாவுக்கு வந்தேறி. எம்பெருமானிடத்தில் விருப்பமோ அப்படியன்று. அவனுக்கே உரியதாய் இருக்கும் சேஷத்வம் ஆத்மாவின் ஸ்வரூபம். அவனிடத்தில் வெறுப்பும் அலட்சியமும்தான் கர்மத்தால் இடையில் வந்து ஏறியவை. ஆகையால் அவனிடத்தில் ருசி பிறக்கும்போது புதிதாக ஒன்று நமக்குள் இடப்படுவதில்லை. மறைந்திருந்த நம் இயல்பு வெளிப்படுகிறது. 'அன்றைய வெறுப்புத்தான் உண்மையான நாங்கள்' என்ற பிள்ளைக்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுவே: நீ அன்று அறிந்தது உன் பித்தத்தை, உன்னை நீ இனித்தான் அறியப்போகிறாய்.

அப்படியானால் பித்தம் தணிவது யாரால்? பழக்கம் மட்டும் போதாது என்று கண்டோம். இவ்விடத்தில் நம் குருபரம்பரையில் ஒரு கீரை வந்து விடை சொல்கிறது.

நாதமுனிகளின் திருப்பேரனார் ஆளவந்தார். இளமையிலேயே ஆக்கியாழ்வானை வாதத்தில் வென்று, பாதி ராஜ்யத்தைப் பெற்று, அரச போகத்தில் ஆழ்ந்திருந்தார். அவரை தர்சனத்துக்குத் தலைவராக்கவேண்டும் என்பது உய்யக்கொண்டார் மணக்கால் நம்பிக்கு இட்ட நியமனம். நம்பி அரண்மனை வாயிலுக்கு எழுந்தருளினார். காவல் கடுமையாயிருந்தது, உள்ளே புக வழியில்லை. அவர் வாயிலில் நின்று கூவவில்லை. 'உம் பாட்டனார் பெருமை என்ன, நீர் கிடக்கும் கிடை என்ன' என்று ஓலை எழுதி அனுப்பவில்லை. ஆளவந்தாருக்குத் தூதுவளைக் கீரை உகப்பு என்பதை மடைப்பள்ளியாரிடம் கேட்டறிந்து, நாள்தோறும் அக்கீரையைக் கொண்டுவந்து கொடுத்துப் போனார். ஆறு மாதம் இப்படி நடந்தது. பிறகு சில நாள் நிறுத்தினார். இலையில் கீரையைக் காணாத ஆளவந்தார் காரணம் கேட்டார். நாள்தோறும் ஒரு முதிய வைஷ்ணவர் கொண்டுவந்து தந்தார் என்றும், இப்போது வருவதில்லை என்றும் விடை வந்தது. மீண்டும் வந்தால் அழைத்து வருக என்றார். நம்பி உள்ளே எழுந்தருளினார். 'உமக்கு வேண்டுவது என்ன?' என்று கேட்டவரிடம், தமக்கு வேண்டுவது ஒன்றுமில்லை என்றும், அவருடைய பாட்டனார் தேடிவைத்த நிதி தம்மிடம் இருக்கிறது என்றும், அதை ஒப்படைக்கும்வரை தடையின்றி வந்துபோக வேண்டும் என்றும் தெரிவித்தார். பின்பு ஸ்ரீகீதையின் அர்த்தங்களைச் சொல்லிவந்தார். கேட்கக் கேட்க அரச போகம் ஆளவந்தாருக்குச் சுவை குன்றிற்று. 'அவனை அடைய வழி யாது?' என்று அவரே கேட்கும்படி ஆயிற்று. அப்போது நம்பி அவரைத் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்று, 'இதுவே அந்த நிதி' என்று பெரிய பெருமாளைக் காட்டிக்கொடுத்தார்.

தூதுவளை முள்ளுள்ள கொடி. முள் நீக்கி ஆய்வதற்குப் பொறுமை வேண்டும். குழந்தைகள் விரும்பும் கீரையுமன்று, இலேசான கசப்புடையது. அதை ஆறு மாதம், ஒரு நாளும் தம் பெயரைச் சொல்லாமல், ஒரு நாளும் பலனைக் கேளாமல் கொடுத்து வந்தார் என்பதில் நம்பியின் திருவுள்ளம் தெரிகிறது. அவர் ஆளவந்தாருக்கு ஏற்கெனவே உள்ள ஒரு ருசியைப் பற்றிக்கொண்டு, இல்லாத ஒரு ருசிக்கு வழி செய்தார். உபதேசத்தைக் கீரைக்கு முன்னே வைக்கவில்லை. கீரையோடு நின்றுவிடவும் இல்லை. ருசி பிறந்தது பழக்கத்தால் மட்டும் அன்று, கொடுத்த கையினால். அந்தக் கையில் கோபம் இல்லை, அவசரம் இல்லை, தன்னலம் இல்லை. இரணியன் செவியிலும் திருநாமம் விழுந்ததே என்றால், கொடுத்தவனிடம் அவனுக்கு வெறுப்பிருந்தது. ஆகையால் கொடுக்கப்பட்டதும் கசந்தது.

இதனாலேயே நம் பெரியோர்கள் ஓர் ஆத்மா ஆசாரியனை அடையும் முறையைச் சொல்லும்போது, ருசிக்கு முன்னே வேறு சில படிகளை வைத்தார்கள். எம்பெருமானுடைய ஸௌஹார்தம், தற்செயலாய் விளையும் யாத்ருச்சிக ஸுக்ருதம், அவனுடைய விசேஷ கடாக்ஷம், அத்வேஷம், ஆபிமுக்யம், ஸாத்விகரோடு ஸம்பாஷணம் என்று அப்படிகள் எண்ணப்படுகின்றன. இவற்றுள் அத்வேஷம் என்பது விருப்பமன்று. வெறுப்பு இல்லாமை மட்டுமே. ஆபிமுக்யம் என்பது முகம் திருப்புதல். இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிய கீரையைக் குழந்தை ஒரு நாள் ஒதுக்காமல் விடுகிறதே, அது அத்வேஷத்துக்கு ஒப்பு. 'அது என்ன?' என்று திரும்பிப் பார்க்கிறதே, அது ஆபிமுக்யத்துக்கு ஒப்பு. சுவை அதற்கும் பின்னேதான் வருகிறது. இந்தச் சிறிய வெறுப்பின்மையையும் சேதநனுடைய சாமர்த்தியமாக நம் ஆசாரியர்கள் கணக்கிடவில்லை. அநாதி காலமாக எம்பெருமான் பண்ணிவந்த கிருஷியின் பலன் என்றார்கள். உழுதவன் ஒருவன், விளைந்ததைத் தன்னுடையது என்று நிலம் சொல்லிக்கொள்ள இடமில்லை.

பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசந பூஷணத்தில் அர்ச்சாவதாரத்தின் பெருமையைச் சொல்லுமிடத்தில் இதை இன்னும் தெளிவாக்குகிறார். சாஸ்திரங்களால் திருத்த முடியாதபடி முகம் திருப்பிக்கொண்டிருக்கும் சேதநர்களுக்கு அந்த விமுகத்தன்மையைப் போக்கி ருசியை விளைவிப்பதும், ருசி பிறந்தபின் உபாயமாவதும், உபாயமாகப் பற்றினபின் போக்யமாவதும் அர்ச்சையே என்பது அவர் திருவுள்ளம். ருசி உள்ளவருக்கு இனிப்பது என்று மட்டும் சொல்லாமல், ருசி இல்லாதவருக்கு ருசியையும் தானே உண்டாக்குவது என்றார். உண்ணப்படும் பொருளே உண்பவனுக்குப் பசியையும் உண்டாக்குகிறது என்பது உலகத்து உணவில் காணாத அதிசயம்.

உறங்காவில்லி தாஸர் இதற்குக் கண்கூடான சான்று. மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் ஈடுபட்டு, திருவரங்கத்து வீதியில் அவளுக்குக் குடை பிடித்து நடந்தவரை எம்பெருமானார் கண்டார். அந்த ருசியைப் பழிக்கவில்லை. விட்டுவிடும்படி ஆணையிடவும் இல்லை. அதைவிட அழகிய கண்களைக் காட்டினால் அவற்றுக்கு அடிமையாவீரோ என்று கேட்டு, பெரிய பெருமாள் திருமுன்பே அழைத்துச் சென்று அத்திருக்கண்களைக் காட்டினார். அவ்வளவே. பழைய சுவையை அவர் நாவிலிருந்து பிடுங்க வேண்டியிருக்கவில்லை. மேலான சுவை வந்ததும் அது தானே கழன்றது.

இந்த ருசி முதிர்ந்தால் எந்நிலையில் நிற்கும் என்பதைத் திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் நிறைவில் ஓர் உவமையால் உணர்த்துகிறார். தேனையும் பாலையும் உவமை சொல்லக்கூடிய இடத்தில் அவர் வேம்பை எடுத்தார். வேம்பிலே பிறந்த புழு வேம்பைத் தவிர வேறொன்றை உண்ணாதது போல, தாமும் அவன் திருவடிகளைத் தவிர வேறொன்றை விரும்பேன் என்கிறார். வேப்பம்புழு வேம்பைக் கரும்போடு ஒப்பிட்டு, இதுவே மேல் என்று தேர்ந்தெடுக்கவில்லை. அதற்கு வேம்பே தாரகம். கசப்பா இனிப்பா என்ற கேள்வியே அதற்கு எழுவதில்லை. எம்பெருமான் இனியவன் என்பதற்காக மட்டும் அவனைப் பற்றினால், இனிமை தோன்றாத நாளில் விட்டுவிட நேரும். நமக்கு உரியவன் அவன், அவனுக்கு உரியவர் நாம் என்று பற்றினால், அவன் துன்பம் தரும் நாளிலும் பற்று நழுவாது. வாளால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடத்தில் அன்பு மாறாத நோயாளனைக் குலசேகராழ்வார் வித்துவக்கோட்டம்மான் திருமுன்பே உவமையாகச் சொன்னதும் இக்கருத்தாலேயே.

ஆழ்வார்களின் நிலை அது. நமக்கோ பல நாள் ஸந்த்யாவந்தனமும் கடமையாய்க் கழிகிறது. பாசுரம் உதட்டளவில் நிற்கிறது. வியாக்கியானத்தின் மணிப்பிரவாள நடை முதல் பக்கத்திலேயே அயர்வைத் தருகிறது. 'ருசி இல்லாமல் அநுஸந்திப்பது போலியன்றோ? ருசி வந்தபின் தொடங்கலாமே' என்று மனம் சொல்கிறது. இதற்கு விடை திருவிண்ணகரில் நின்றுகொண்டிருக்கிறது.

மார்க்கண்டேய முனிவரின் வளர்ப்புத் திருமகளாய் எழுந்தருளியிருந்த பூமிப்பிராட்டியை எம்பெருமான் முதியவர் வடிவில் வந்து பெண் கேட்டான். 'இவள் சிறு பெண்; உணவில் உப்பிட்டுச் சமைக்கவும் அறியாள்' என்று முனிவர் தயங்கினார். உப்பில்லாமல் அவள் சமைப்பதையே ஏற்போம் என்றான் எம்பெருமான். இன்றளவும் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள அத்திருப்பதியில் தளிகை அனைத்தும் உப்பில்லாமலே கண்டருளப்பண்ணப்படுகிறது. நம்மாழ்வார் தனக்கு ஒப்பார் இல்லாத அப்பனாகப் பாடிய பெருமானை உலகம் உப்பிலியப்பன் என்றும் அழைக்கிறது. அத்திருப்பதிக்கு அருளிய திருவாய்மொழியின் தொடக்கத்திலேயே, வறுமையும் செல்வமும், பகையும் நட்பும், நஞ்சும் அமுதும் ஆகிய எல்லாமாய் நிற்பவன் அவனே என்று ஆழ்வார் அநுபவித்திருப்பதும் நோக்கத்தக்கது. அங்கே பிரஸாதத்தை முதன்முறை வாயிலிடும் குழந்தை 'உப்பே இல்லையே' என்கிறது. ஆண்டுதோறும் சேவித்து வருபவரோ அரிசியின் சுவையையும் பருப்பின் சுவையையும் அங்கேதான் தனியே அறிந்ததாகச் சொல்கிறார்.

இவ்வைபவத்தில் நமக்குள்ள பெரிய ஆறுதல் வேறு. நாம் அவனை விரும்பக் கற்பதற்கு முன்னே, அவன் நம் உப்பில்லாமையை விரும்பக் கற்றுவிட்டான். ருசியின்றிச் செய்யும் அநுஸந்தானம் உப்பில்லாத தளிகை போன்றது. அதைச் சமைக்கவே கூடாது என்று அவன் சொல்லவில்லை. 'கொண்டு வா' என்றான். ஆகவே ருசி வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. உப்பில்லாததையும் அமுது செய்பவன் முன்னே அதை நாள்தோறும் வைத்துவருவதே நம் பணி. உப்பை அவன் சேர்ப்பான்.

இனி, குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உலகெங்கும் பரந்து வாழும் நம் குடும்பங்களில் இன்று பெற்றோரை வருத்தும் கேள்வி இதுவே: பாசுர வகுப்புக்கு வரமாட்டேன் என்னும் பிள்ளையை வற்புறுத்துவதா, விட்டுவிடுவதா? வற்புறுத்தினால் வெறுப்பு வளருமோ என்ற அச்சம் ஒருபுறம். விட்டால் வழிவழி வந்தது நம்மோடு நின்றுவிடுமோ என்ற அச்சம் மறுபுறம்.

மேலே கண்டவற்றைக் கொண்டு பார்த்தால் மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன. முதலாவது, காக்கவேண்டியது அத்வேஷம். பத்துப் பாசுரத்தை அச்சத்தால் மனப்பாடம் செய்து, அதனோடு வெறுப்பையும் சேர்த்துக் கற்ற பிள்ளையைக் காட்டிலும், ஒரே பாசுரத்தை வெறுப்பின்றிக் கேட்ட பிள்ளை படியில் முன்னே நிற்கிறது. வாயைத் திறந்து திணித்த கீரையை வாழ்நாள் முழுவதும் வெறுப்பவர்கள் உண்டு. அவர்கள் வெறுப்பது கீரையின் கசப்பையன்று, திணித்த கையை.

இரண்டாவது, முகம் சுளித்தது என்பதற்காக இலையிலிருந்தே எடுத்துவிடலாகாது. பிள்ளைக்குப் பிடித்தது மட்டுமே தளிகையாகும் வீட்டில் பிள்ளையின் நா எட்டு வயதிலேயே நின்றுவிடுகிறது. சிறு கரண்டியாக, நாள்தோறும் இலையில் இருக்கட்டும். திருப்பல்லாண்டு 12 பாசுரம். கண்ணிநுண்சிறுத்தாம்பு 11 பாசுரம். ஒரு நாளைக்கு ஒரு பாசுரம் சந்தை சொல்வதற்குச் சில நிமிஷங்கள் போதும். உண்டாலும் உண்ணாவிட்டாலும் கோபமில்லை; ஆனால் நாளை மறுபடியும் இலையில் இருக்கும். மணக்கால் நம்பி ஆறு மாதம் கீரை கொடுத்தார் என்பதை மறவாதிருப்போம். ஆறு நாளில் பலனைத் தேட நமக்கு நியாயமில்லை.

மூன்றாவது, நம் இலையில் நாம் அதை எப்படி உண்கிறோம் என்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். உபவாசம் இருந்த பாட்டி துவாதசியன்று அகத்திக்கீரையைப் பசியோடும் நிறைவோடும் உண்டதைப் பார்த்ததுதான் பேரப்பிள்ளைக்கு முதல் உபதேசம். 'இது உடம்புக்கு நல்லது' என்ற சொல் அதன் பின்னேதான் நிற்கிறது. நாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சேவாகாலத்தில் அமர்ந்திருந்துவிட்டு, பிள்ளைகள் ஈடுபாட்டோடு அமரவேண்டும் என்று விரும்பினால் அது நடவாது. திருப்பாவையில் ஆண்டாள் தொடக்கத்தில் நெய்யையும் பாலையும் விலக்கினாள். முடிவில் நெய் வழியும் பாற்சோற்றை எல்லாருமாகக் கூடியிருந்து உண்ணக் கேட்டாள். விலக்கியதும் தோழியரோடு, உண்டதும் தோழியரோடு. ருசி ஒருவர் நாவிலே தனியே விளைவதன்று, கூட்டத்திலே விளைவது. குடந்தைப் பெருமானைப் பற்றிய ஒரு திருவாய்மொழியைச் சேவித்துக்கொண்டு வந்த சில ஸ்ரீவைஷ்ணவர்களின் வாயிலாகத்தானே நாதமுனிகளுக்கு ஆயிரத்திலும் ஆசை பிறந்தது? பத்துப் பாசுரத்தின் சுவை நாலாயிரத்தையும் மீட்டுத் தந்தது.

இத்தனைக்குப் பின்னும் ஒரு பிள்ளைக்கு ருசி பிறக்கக் காலம் தாழ்க்கலாம். நம் வாழ்நாளில் அதைக் காணாமலும் போகலாம். அதனால் நம் பணி வீணாயிற்று என்று கருத வேண்டுவதில்லை. உழுகிறவன் நாமல்லோம். அவன் பண்ணும் கிருஷிக்கு நம் வீடு ஒரு நிலம். நம் கை ஒரு கருவி. நமக்குக் கசந்தவற்றுள் எவையெவை இன்று இனிக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் பின்னே சலியாமல் கொடுத்த ஒரு கை இருந்தது தெரியவரும்: சில இடத்தில் தாயின் கை, சில இடத்தில் ஆசாரியன் கை, எல்லாவிடத்திலும் அக்கைகளுக்குள்ளே இருந்த எம்பெருமான் கை. அக்கையை அறிந்து நன்றி பாராட்டுவதும், நம் கையை அதற்குக் கருவியாகக் கொடுப்பதும் ருசி பெற்றவர்க்கு உரிய கைங்கர்யம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.